பட்டயப் படிப்புக்குத் திறந்த உரிமப் பாடநூல்கள்: கோரிக்கை மனு

பெறுநர்: தொழில்நுட்பக் கல்வி ஆணையர் அவர்கள், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், சென்னை.

அனுப்புநர்: பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர் சங்கம்.

பொருள்: திறந்த உரிம நூல்களைப் பாடவாரியாகத் தொகுத்து வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இணையத்தில் இலவச நூல்களுக்குப் பஞ்சமில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் இ-கும்ப் தளத்தில் தமிழிலேயே நூல்களைத் தரவிறக்கலாம். ஆனால் எந்த நூலை நகலெடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம் என்பது உரிமத்துக்கு உரிமம் வேறுபடுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016இல் வெளியிட்ட பல்கலைக்கழக இயற்பியல் நூலை, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் தமிழாக்கலாம். அச்சிட்டு விற்கவும் செய்யலாம். அதே ஆண்டு அதே நிறுவனம் தந்த நுண்கணித நூலையோ வணிக நோக்கில் அச்சிட முடியாது. மாற்றி எழுதினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வகுப்பு, ஆய்வகம், விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றுக்கு நடுவே இந்த நுணுக்கத்தை ஒவ்வொரு விரிவுரையாளரும் தனித்தனியே தேடிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. இந்தத் தேடலை இயக்ககம் ஒருமுறை செய்து வைத்தால் எல்லாக் கல்லூரிகளுக்கும் பயன்படும்.

வெளிநாட்டு நூல் நம் பாடத்திட்டத்துக்குப் பொருந்தாது என்ற மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. டோனி குப்ஹால்ட் எழுதிய மின்சுற்றுப் பாடத் தொகுதிகளில் மாறுமின்னோட்டக் கணக்குகள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் அமைந்தவை. நம் மின்வழங்கலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனினும் அந்நூலின் உரிமமே திருத்த இடம் தருவதால், கணக்குகளை மாற்றித் தமிழில் கொண்டுவரத் தடையில்லை. முழு உரிமையும் பதிப்பகத்திடமே உள்ள நூலில் அனுமதியின்றி இப்படிச் செய்ய வழியே இல்லை. கான்கிரீட் வடிவமைப்பின் நிலை வேறு. அது ஐ.எஸ். 456 விதித்தொகுப்பைத் தழுவியது. அதற்கான நூலை இங்கேதான் எழுதியாக வேண்டும். அப்படிப் பொதுப்பணத்தில் எழுதப்படும் நூல்களையே திறந்த உரிமத்தில் கேட்கிறோம். தனியார் நூல்களை அல்ல. ஆசிரியருக்கு உரிய மதிப்பூதியம் தரலாம். பதிப்பகங்களும் அவற்றை அச்சிட்டு விற்கலாம். இலவச நூலில் தரமிருக்காது என்போருக்குப் பாட வல்லுநர் குழுவின் பரிசீலனையே பதில்.

எனவே, பருவவாரியாக, பாடக் குறியீட்டுடன், நூலின் பெயர், பொருந்தும் அத்தியாயம், உரிமத்தின் வகை ஆகியவற்றைக் காட்டும் பட்டியலை வரும் கல்வியாண்டு தொடங்குமுன் வெளியிடவும், இயக்ககம் இனித் தயாரிக்கும் பாடநூல்களையும் ஆய்வகக் கையேடுகளையும் மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தும் உரிமத்தில், திருத்தத்தக்க கோப்பு வடிவில் வழங்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கப் பொறுப்பாளர்கள்