அலங்காரம் மாறினும்

பெரியகுளம் வட்டத்தில் வராக நதிப் பாசனத்தை நம்பி வாழும் ஊர்களுள் ஒன்று ஜெயமங்கலம். கோடை வந்தால் அவ்வட்டாரத்து இல்லங்களில் இரண்டைப் பற்றிய பேச்சு தவறாமல் எழும். ஒன்று, மாம்பழ விளைச்சல். மற்றொன்று, மே மாதத்தில் பெரியகுளத்தில் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் வந்து ஆடும் அப்போட்டியைக் காணச் சுற்றுக் கிராமத்து மக்களும் திரள்வர்.

அத்தகைய வட்டாரத்தில் பேரன் சற்று உயரமாக வளர்ந்துவிட்டால் போதும். ‘இவன் பெரிய ஆட்டக்காரன் ஆவான், விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்துவிடும்’ என்ற சொல் பிறந்துவிடும். பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். தாத்தா பழநியாண்டவருக்கு நேர்ந்துகொள்வார். எல்லாம் அன்பினால் விளைவதே. ஆயினும் அந்த அன்பு பிள்ளையின் தோளில் என்ன பாரத்தை ஏற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்கப் பஞ்சாப் இளைஞர் ஒருவரின் வரலாறு உதவும்.

சத்னம் சிங் பமாரா 1995-இல் பல்லோ கே என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் ஏழடிக்கு மேல் உயரமானவர். கூடைப்பந்து ஆடும் வாய்ப்பு தமக்குக் கிட்டாத நிலையில், மகனுக்கேனும் அது அமையட்டும் என்று சிறு வயதிலேயே லூதியானா பயிற்சிக் கழகத்தில் சேர்த்தார். அங்கே சுப்ரமணியன் என்னும் பயிற்சியாளர் அப்பிள்ளையை உருவாக்கினார். 2010-இல், 14 வயதில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்றபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. புதிய உணவு, புதிய மொழி, புதிய ஆட்டமுறை அனைத்தையும் ஒருங்கே பழக வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் தலையாய கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வில் ஆண்டுதோறும் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். 2015 ஜூன் மாதம் தேர்வான 60 பேரில் 52-ஆம் இடத்தில் டல்லஸ் மேவரிக்ஸ் அணி சத்னமைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அவ்வாறு தேர்வானது அதுவே முதல் முறை. அவருக்கு அப்போது 19 வயது. உயரம் 7 அடி 2 அங்குலம். ‘நூறு கோடி மக்களின் நம்பிக்கை’ என்ற பட்டம் அவர்மேல் வைக்கப்பட்டது. அவரைப் பற்றிய ஆவணப்படமும் வெளிவந்தது.

தேர்வு என்பது வாசற்படி மட்டுமே என்பதை அப்போது எண்ணியவர் சிலரே. பின்வரிசையில் தேர்வாகும் பலருக்கு அணியில் இடம் நிலைப்பதில்லை. மேலும் அக்காலத்தில் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. கூடையின் அடியில் நின்று பந்தைப் போடும் உயரமானவர்களைவிட, விரைந்து ஓடித் தொலைவிலிருந்து பந்தெறிபவர்களையே அணிகள் நாடின. சத்னம் இரண்டு பருவங்கள் டெக்சாஸில் துணைநிலை அணியில் இருந்தார். அங்கும் களத்தில் கிடைத்த நேரம் சொற்பமே. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பின்னர் கனடாவில் ஓர் அணியில் ஆடினார். ஊக்கமருந்துச் சோதனை தொடர்பாக 2020 டிசம்பரில் அவருக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2021-இல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் சேர்ந்து வேறொரு வாழ்வைத் தொடங்கினார்.

பட்டம் சூட்டிய நாடு அவரை மெல்ல மறந்தது. பட்டத்தின் பாரமோ சுமந்தவருக்கே தெரியும்.

இவ்விடத்தில் பெரியகுளத்து மக்களுக்கு மலைக்கு அப்பால் வீற்றிருக்கும் பழநி நினைவுக்கு வருவது இயல்பு. மாங்கனிக்காக உலகை வலம் வரப் புறப்பட்ட முருகன், சோம்பி நின்று தோற்கவில்லை. மயிலேறி முழு உலகையும் சுற்றியே வந்தான். வந்து பார்த்தபோது, தாய் தந்தையரை வலம் வந்த அண்ணன் கையில் கனி இருந்தது. முயற்சியில் குறையில்லை; போட்டி வேறு விதமாக முடிந்திருந்தது. வெகுண்ட பிள்ளை யாவும் துறந்து மலைமேல் சென்று நின்றான்.

அப்போது அம்மையும் அப்பனும் செய்ததே கவனிக்கத்தக்கது. ‘நீ இன்னும் விரைந்திருக்கலாம்’ என்று அவர்கள் கூறவில்லை. ‘அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்றும் இடித்துரைக்கவில்லை. பிள்ளை நின்ற மலைக்குத் தாமே சென்றனர். அவனே ஞானப்பழம் என்று கூறித் தேற்றினர். அதனாலேயே தலத்துக்குப் பழநி என்று பெயர் வந்ததாகத் தல வரலாறு உரைக்கிறது. கனியைப் பெறாத பிள்ளை நின்ற அந்த மலையைத் தேடித்தான் இன்றும் லட்சக்கணக்கானோர் காவடி சுமந்து நடக்கின்றனர்.

அத்தலத்தின் வழிபாட்டிலும் ஓர் அரிய பாடம் உண்டு. காலையில் சாது கோலத்தில் காட்சி தரும் அதே மூர்த்தி, மாலையில் ராஜ அலங்காரத்தில் எழுந்தருள்கிறார். கண்டவர் யாரும் காலையில் இருந்தவர் வேறு, மாலையில் இருப்பவர் வேறு என்று எண்ணுவதில்லை. அலங்காரம் மாறும், மூர்த்தி மாறுவதில்லை.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வெற்றியும் தேர்வும் பட்டமும் அலங்காரங்கள். அவற்றைக் களைந்துவிட்ட நாளிலும் பிள்ளை அதே பிள்ளைதான். தந்தைக்குக் கிட்டாததை மகன் பெற வேண்டும் என்னும் ஆசை தவறன்று. அது கிட்டாவிட்டால் மகனையே இழந்ததுபோல் வீடு இருண்டுவிடுவதுதான் தவறு. வெளியார் பேச்சு சில நாள்களில் ஓய்ந்துவிடும். வீட்டாரின் மௌனமோ பிள்ளையின் நெஞ்சில் நெடுங்காலம் தங்கிவிடும்.

நேர்த்திக்கடன் பற்றியும் பெரியோர் ஒன்றைச் சிந்திக்கலாம். ‘தேர்வானால் முடி காணிக்கை’ என்று நேர்ந்துகொள்வது வழக்கம். தேர்வாகாமற்போனால் அந்தக் காசு முடிப்பு அவிழ்க்கப்படாமலே பூஜை அறையில் கிடக்கும்; பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டே வளைய வருவான். அவ்வாறு விடாமல், அவனையும் அழைத்துக்கொண்டு மலையேறி அதைச் செலுத்திவிட்டு வரலாம். நல்லுடலோடு வீடு திரும்பியதற்காக அக்காணிக்கை அமையட்டும்.

விளையாட்டு விடுதியிலிருந்து பையைச் சுமந்து இரவுப் பேருந்தில் வந்திறங்கும் பேரனிடம் ‘என்ன ஆயிற்று?’ என்று உடனே கேட்க வேண்டியதில்லை. ‘சாப்பிட்டாயா, ராசா?’ என்று முதலில் கேட்டு, இலை போட்டு அமரச் செய்யும் தாத்தாவும் பாட்டியும் அம்மையப்பர் பழநிக்குச் சென்ற வழியிலேயே செல்கின்றனர்.