காட்டை நம்பி வாழ்வோருக்குச் சட்டத்தில் இடம் வேண்டும்

வட்டவளை, ஹட்டன் மலைச்சரிவுகளில் பெய்யும் மழை மகாவலியில் கலக்கின்றது. துரித மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் அந்த ஆற்று நீரில் ஒரு பகுதி மதுரு ஓயாவுக்குத் திருப்பப்பட்டது. அங்கு அமைந்த நீர்த்தேக்கத்தின் நீரேந்துப் பிரதேசத்தைப் பாதுகாக்கும் நோக்குடன் 1983 நவம்பர் 9 ஆம் திகதி மதுரு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த வேடர் சமூகத்தினர், ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் அத்துமீறுவோர் ஆக்கப்பட்டனர். பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தம்பானையை விட்டு வெளியேற மறுத்தவர் தலைவர் திசாஹாமி. அவரது மகன் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவில் ஐ.நா. செயற்குழுவின் முன் தமது மக்களின் முறைப்பாட்டை எடுத்துரைத்தார். அந்த முறைப்பாடு இன்றும் தீர்ந்தபாடில்லை.

சட்டம் அனைவருக்கும் சமம் என்பது உண்மையே. ஆனால், பொழுதுபோக்கிற்காகத் துப்பாக்கி தூக்குபவரையும் அடுப்பெரிய வேட்டைக்குச் செல்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது சமத்துவமாகுமா?

இக்கேள்வியை அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் பல தசாப்தங்களாக எதிர்கொண்டு வருகின்றது. மீனும் வனவிலங்குகளும் மக்கள் அனைவரினதும் பொதுப் பயன்பாட்டுக்குரியவை என்கின்றது அதன் அரசியலமைப்பு. வாழ்வாதார வேட்டையிலும் மீன்பிடியிலும் கிராமவாசிகளுக்கே முன்னுரிமை என்றது 1980 ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம். அதற்கிசைவான மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என 1989 இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பைத் திருத்துவதே வழியென ஆளுநர்கள் சட்டசபையை மீண்டும் மீண்டும் கூட்டினர். எனினும், திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடுவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிட்டவில்லை. விளைவாக, மத்திய அரசின் நிலங்களில் வாழ்வாதார வேட்டையின் நிர்வாகம் 1990 இலும், அங்குள்ள நீர்நிலைகளின் மீன்பிடி நிர்வாகம் 1999 இலும் மாநிலத்தின் கையை விட்டுப் போயின.

இந்தியா 2006 இல் இயற்றிய வன உரிமைச் சட்டம், காட்டு விளைபொருட்கள் மீதும் நீர்நிலைகளின் மீன் மீதும் வனவாசிகளுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. வேட்டையை மாத்திரம் வெளிப்படையாக விலக்கியது. அது முழுமையான தீர்வன்று. ஆயினும் இலங்கையில் அந்த அளவுகூட இல்லை. பழங்குடிகளின் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனத்தை 2007 இல் ஆதரித்து வாக்களித்த நம் நாடு, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 169 ஆம் இலக்க சமவாயத்தை இன்னும் ஏற்றுறுதி செய்யவில்லை.

வனவிலங்குப் பாதுகாப்பு குறித்த கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் சுருக்குக் கம்பியில் சிக்கி உயிரிழந்த கருஞ்சிறுத்தையை மலையகம் மறந்திருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும் கண்ணிகளுக்கும் வியாபார வேட்டைக்கும் எந்தச் சட்டமும் இடமளிக்கலாகாது. முன்னுரிமை என்பது கட்டற்ற அனுமதியன்று. எந்த இனத்தை, எப்பருவத்தில், எவ்வளவு என்பதை அச்சமூகத்தினருடன் கலந்து வரையறுப்பதே அதன் பொருள். காட்டை அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு காட்டைக் காப்பது கடினம்.

இது தம்பானையின் பிரச்சினை மட்டுமல்ல. வாகரையிலும் மூதூரிலும் தமிழ் பேசி, கடலையும் களப்பையும் காட்டையும் நம்பி வாழும் கரையோர வேடரும் இருக்கின்றனர். சட்டத்தின் ஒரு வரியால் உரிமை இழப்பது எத்தகையது என்பதை 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின் மூலம் அனுபவித்த மலையக மக்களுக்கு அவர்களின் வேதனை புரியாததல்ல.

நமது அரசியலமைப்பின் 12(4) ஆம் உறுப்புரை பெண்கள், சிறுவர்கள், வலது குறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கெனச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய இடமளிக்கின்றது. அப்பட்டியலில் பழங்குடியினரும் இயற்கை வளங்களை மரபாக நம்பி வாழும் கிராமிய மக்களும் சேர்க்கப்பட வேண்டும். புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசப்படும் ஒவ்வொரு வேளையிலும் பெரிய சமூகங்களின் குரலே ஓங்கி ஒலிக்கின்றது. எண்ணிக்கையில் சிறியோருக்காகத் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகளும் குரல் கொடுப்பார்களாயின், சிறுபான்மையினர் கோரும் நீதிக்கு அதுவே வலுவான சான்றாக அமையும்.