மண் மறுத்த மன்னனும் மட்டக்களப்புக் களரியும்

பாரதமும் இராமாயணமும் இருக்க, நமது கூத்துக்களரிக்கு யவனர் கதை எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களுக்கு விடையளிப்பது நம் கடன்.

அக்கதை யாது? தீப்ஸ் நகரின் அரியணைக்காக உடன்பிறந்தோர் இருவர் பொருது மடிந்தனர். முடிசூடிய கிரியோன், ஒருவனை அரச மரியாதையுடன் அடக்கம் செய்வித்தான்; மற்றவனைத் துரோகியெனப் பறைசாற்றி, அவனுடலுக்கு ஒருபிடி மண்ணும் கூடாதென ஆணையிட்டான். அவர்தம் சகோதரி அன்ரிகனி அந்த ஆணையை மீறி மண் தூவினாள். அதற்காகத் தன்னுயிரையே ஈந்தாள். சொபோகிளிஸ் இதனை நாடகமாக்கி ஏறத்தாழ 2,450 ஆண்டுகள் ஆகின்றன.

இது அந்நியர் கதையா? வாவியின் இருகரையையும் கேட்டுப் பாருங்கள்! 1990 செப்டெம்பர் 5இல், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். கொள்ளிவைக்க உடல்கூடக் கிடைக்காத தாய்மார் இன்னும் வாசலைப் பார்த்திருக்கின்றனர். 2009இல் போர் முடிந்தபின், ஒரு தரப்பின் மாண்டோருக்குத் தூபிகள் எழுந்தன. மறுதரப்பின் துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. கிரியோனின் ஆணை இதுவன்றி வேறென்ன?

கொள்ளைநோயைக் காரணங்காட்டி, 2020 முதல் 2021 பெப்ரவரிவரை முஸ்லிம் மக்களின் உடல்களையும் எரித்தே தீருவோம் என்றது அரசு. நல்லடக்கம் அனுமதிக்கப்பட்டபோது, நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் உடல்கள் வந்து சேர்ந்த இடம் நமது ஓட்டமாவடி அல்லவா? மண்ணுக்கான வழக்கு இம்மாவட்டத்தின் வழக்கு.

ஆயின் ஒன்றை மறைத்தல் அறமாகாது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கிகள் தமிழர் கையில் இருந்தவை. தன் வீட்டுப் பிணத்துக்கு மட்டும் அழுபவன் அன்ரிகனியின் பக்கம் நிற்கும் தகுதியை இழக்கிறான். இதை நம் களரியில் நாமே சொல்லாவிடின், நமது அழுகைக்கு மதிப்பேது?

கலையில் அரசியல் கூடாது என்பர் சிலர். 1944இல் நாஜிப் படையின் பிடியிலிருந்த பாரிசில் அனூயி என்பார் அரங்கேற்றியது இதே அன்ரிகனியைத்தான். ரொபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்நாடகத்தை நடித்தபோது, மண்டேலா தாமே கிரியோன் வேடம் புனைந்தார். அவர்களுக்கு உதவிய கதை நமக்கு மட்டும் தீட்டாகுமா?

நமது மரபும் அஞ்சி ஒதுங்கிய மரபன்று. கலாநிதி வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் புதுமேடை ஏற்றியபோது, இராவணன் அரக்கனாக அன்றி அவலநாயகனாக எழுந்தான். அமிர்தகழி மண்ணின் மைந்தர் மௌனகுரு 1969இல் ஆக்கிய 'சங்காரம்' சமூகத்தின் கொடுமைகளையே அரக்கராக்கிக் கூத்தாட்டத்தில் வதைத்தது. சுவாமி விபுலாநந்தர் 1926இலேயே 'மதங்கசூளாமணி'யில் ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடகவியலோடு இணைத்துக் காட்டினார். பிறநாட்டார் செல்வம் பெறுவதில் அந்தப் பெருமகன் நாணவில்லை. நாம் ஏன் நாணவேண்டும்?

மேலும் அன்ரிகனி நமக்குப் புதியவளா? வைகாசியில் நம் ஊர்க் கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படுகிறதே! அரசனை நேர்நின்று நீதி கேட்டவளைத் தெய்வமாகத் தொழும் மக்கள் நாம். தொழுதால் மட்டும் போதுமா? அவள் கேட்டதை நாமும் கேட்கவேண்டாமா?

படுவான்கரை விவசாயப் பெருமக்களே! வேளாண்மை வெட்டி முடிந்ததும் களரி கட்டுங்கள். கிரியோன் வடமோடிக் கரப்புடுப்பில் வரட்டும். அன்ரிகனியைப் பெண்ணே ஆடட்டும். பெண் வேடத்தையும் ஆண்களே புனையும் பழக்கம் இக்கதையோடு ஒழியட்டும். ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, வைத்தியர்களே! முன்வரிசைக் கதிரையில் அமர்ந்து கைதட்டி எழுந்து போகாதீர்கள். ஏடு எழுதிக் கொடுங்கள், செலவில் பங்கேற்றுக்கொள்ளுங்கள்.

புண்ணைக் கிளறாதீர் என்பார்க்கு இறுதியாக ஒன்று: ஆறிய புண்ணையன்றோ கிளறலாகாது? இது ஆறவில்லை. மண் கிடைக்காத உடல்கள் இருக்கும்வரை ஆறவும் ஆறாது. அண்ணாவிமாரே, மத்தளத்தை எடுங்கள்!