யார் படிக்காதவர்?



அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில், பள்ளித் தோட்டத்தில் மாணவர்களைக் கொண்டு செடி நடுவது பற்றிப் பேச்சு எழுந்தது. தந்தை ஒருவர் எழுந்தார். "எங்கப்பா தேயிலைக் காட்டுல உரமூட்டை சுமந்தாரு. நான் லாரி ஓட்டுறேன். என் பிள்ளை மண்ணைத் தொடக்கூடாதுன்னுதான் பள்ளிக்கு அனுப்புறேன். நீங்க மறுபடியும் மண்வெட்டியைக் கையில கொடுக்கிறீங்களே சார்!" என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. ஆசிரியர்களில் சிலரும் கைதட்டினர். நான் அன்று வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு வெட்கப்பட்டே இதனை எழுதுகிறேன்.

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'அத்தி பூத்தாற்போல' என்னும் தொடரை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். 'அரிதாக நிகழ்வது' என்று பொருள் சொல்வேன், வாக்கியம் அமைக்கச் சொல்வேன், புள்ளி வழங்குவேன். ஆயினும் ஓர் அத்திக்காயை நறுக்கிப் பார்த்ததில்லை! அத்தி நாள்தோறும் பூக்கலாம்; நம் கண்ணுக்குத்தான் தெரியாது. நாம் காய் என்று கருதுவதன் உட்புறத்தில்தான் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி மலர்கின்றன. இதை நான் அறிந்தது நாற்பது வயதைக் கடந்த பிறகு, சீமை அத்தி வளர்க்கத் தொடங்கியபோதுதான்.

மலாய் நண்பர்கள் இதனைத் 'தின்' என்பர். திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் இக்கனியின் பெயரையே தாங்கியிருப்பதால் அவர்களிடையே இம்மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் ஆறு குச்சிகளைக் கொடுத்தார். நானோ பயிற்சிக் கல்லூரியில் படித்தவன். தாவர இனவிருத்தியை அறிவியல் பாடத்தில் கற்பிப்பவன். குச்சி நடுவதா கடினம்? நட்டேன். பத்தே நாளில் பச்சை இலை துளிர்த்தது. மகிழ்ச்சியில் உரமிட்டேன், காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். அடுத்த மாதம் ஆறில் ஐந்து அழுகிவிட்டன.

ரிங்லெட்டில் அத்தி வளர்ப்போர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டுக் கொல்லையில் கூடுவதாக நண்பர் சொன்னார். சென்றேன். ஓய்வுபெற்ற மலாய்க்காரர் இருவர், சீனக் காய்கறி விவசாயி ஒருவர், நம்மவர் ஓரிருவர் இருந்தனர். என் தகுதி என்னவென்று எவரும் வினவவில்லை. "எத்தனை கொன்றீர்கள், சிக்கு?" என்பதுதான் முதற்கேள்வி. ஐந்து என்றேன். ஆளுக்கு ஆள் தங்கள் கணக்கைச் சொல்லிச் சிரித்தனர். நாற்பதைத் தாண்டியவரும் இருந்தார்! பிறகுதான் பாடம் தொடங்கியது. மழைமிகு மலையில் இலைகளைத் துரு நோய் தாக்கும். பழுக்கும் வேளையில் நீர் மிகுந்தால் கனி வெடிக்கும். ஆகவே நெகிழிக் கூரை வேண்டும். பறித்த பின் அத்தி முறையாகப் பழுக்காது. மரத்திலேயே கனியவிட வேண்டும். அதன் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். தவறு செய்தவனை முதலில் சேர்த்துக்கொண்டு, பின்னரே கற்பித்தார்கள். நம் வகுப்பறைகளில் இந்த வரிசை இருக்கிறதா?

ஆயினும் என் குச்சிகள் ஏன் செத்தன என்பதைத் தெளிவாக்கியவர் அக்கூட்டத்தில் இல்லை. லெம்பா பெர்த்தாமில் வாழும் ஒரு பாட்டி. என் மாணவி ஒருத்தியின் பாதுகாவலர். இளமை முழுதும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அதிலும் நாற்றங்காலில் பல்லாண்டு. பேத்தியை அழைத்துப்போக வந்தவர், மிஞ்சிய ஒற்றைச் செடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இலையைப் பார்த்து ஏமாறாதீங்க வாத்தியாரே. குச்சிக்குள்ள இருக்கிற சத்துல இலை வந்திரும். வேரு இன்னும் வந்திருக்காது. வேரில்லாததுக்கு உரம் போட்டா வெந்து போகும்," என்றார்.

பிறகு மண்ணைக் கைப்பிடியில் அள்ளிப் பிழிந்து காட்டினார். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். பிடித்த பிடி உதிராமல் நின்றால் போதும். தேயிலைக்கு ஒரு கணுவும் ஓர் இலையும். இதற்கு ஒரு சாண் நீளமும் மூன்று நான்கு கணுவும். அடிக்கணுவுக்குக் கீழே வெட்டு, நிழலில் வை, மேலே நெகிழி மூடு, இழுத்துப் பார்க்காதே. அவர் சொன்னபடி நட்ட அடுத்த ஆறில் ஐந்து பிழைத்தன.

அன்றிரவு என்னை உறுத்தியது வேறொன்று. அப்பேத்தியின் பதிவுப் பாரத்தில் பாதுகாவலரின் கல்வித் தகுதி என்னும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியவன் நானே!

அடுத்த ஞாயிறு பாட்டியை ரிங்லெட்டுக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் குறிப்பெடுத்தார். நம் பள்ளியிலோ அவர் வேலிக்கு வெளியே குடை பிடித்து நிற்பவர்.

பட்டறிவை ஏளனம் செய்து இழப்படைவது எனக்கு மட்டும் நேர்ந்த மடமை அன்று. அத்தி வரலாற்றிலேயே இதற்குப் பெரியதொரு சான்று உண்டு. 1880களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் புதிய அத்தி விவசாயிகள், துருக்கியின் ஸ்மிர்னாப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குச்சிகளை நட்டனர். மரங்கள் செழித்தன, பிஞ்சுகளோ உதிர்ந்தன. துருக்கியர் தம்மை ஏமாற்றிவிட்டதாகவும் பேசிக்கொண்டனர். ஸ்மிர்னாவின் குடியானவர்கள் பருவந்தோறும் காட்டத்திக் காய்களைத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவார்கள் என்ற செய்தி தெரியாததன்று. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனை எழுதி வைத்துள்ளார். அது நாட்டுப்புறத்தாரின் மூடநம்பிக்கை என்று பலர் ஒதுக்கினர்.

உண்மை என்ன? அவ்வகை அத்திக்கு மகரந்தம் வேண்டும். அதைக் காட்டத்தியிலிருந்து சுமந்து வருவது ஒரு சிறு குளவி. 1899இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த வால்டர் சுவிங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் பிரெஸ்னோவில் நிலைபெற்ற பின்னரே அங்கே ஸ்மிர்னா அத்தி வணிக அளவில் கனிந்தது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள்! 'படிக்காதவர்' செய்வதற்கும் காரணம் இருக்கும் என்று எண்ண மறுத்ததற்குக் கொடுத்த விலை அது. (நம் நாட்டில் வளர்க்கும் வகைகளுக்குக் குளவி தேவையில்லை, அவை மகரந்தமின்றியே கனிபவை.)

இப்போது அந்தத் தந்தைக்கு வருகிறேன். ஐயா, உங்கள் வலி பொய் அன்று. நம் முன்னோர் தோட்டத்தில் பட்டது உழைப்பின் இனிமையை அன்று. குறைகூலியையும், லயத்து வாழ்வையும், கங்காணியின் அதட்டலையும். அந்நிலைக்குப் பிள்ளைகள் திரும்ப வேண்டும் என்று எவன் சொன்னாலும் அவனை நானே எதிர்ப்பேன். ஆனால் உங்கள் தந்தையின் முதுகை வளைத்தது மூட்டையும் அதற்குக் கிடைத்த கூலியும். அவர் கற்றிருந்த கலை அன்று. கூலி வேறு, கலை வேறு. கூலியை வெறுக்கப் போய்க் கலையையும் குப்பையில் போட்டுவிட்டோம்.

மண்ணில் எதிர்காலம் இல்லை என்கிறீர்களா? புனே மாவட்டத்துப் புரந்தர் அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 2024இல் அத்திச் சாற்றைப் போலந்துக்கு ஏற்றுமதி செய்தது. கையில் மண் பட்டவர்களே கணக்கும் எழுதுகிறார்கள்; கப்பலும் ஏற்றுகிறார்கள்.

ஆசிரியத் தோழர்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. வகுப்புசார் மதிப்பீடு வந்தது. ஆயினும் இன்னும் எத்தனை வகுப்பில் பயிற்றித் தாள்களே பாடமாக இருக்கின்றன? கணு என்றால் என்னவென்று மாணவன் எழுதிவிடுகிறான். குச்சியில் எது கணு என்று கேட்டால் விழிக்கிறான். புள்ளிகள் என்னும் இலையைக் கண்டு நாமும் மகிழ்கிறோம், பெற்றோரும் மகிழ்கின்றனர். பாட்டி சொன்னதை மறந்துவிட வேண்டாம்: வேர் வருமுன்னரே இலை வரும்.

இது மொழிச் சிக்கலும்கூட. 1929இல் போ நிறுவனம் தொடங்கப்பட்ட காலம் முதல் இம்மலைச் சரிவுகளில் கொழுந்து, கவாத்து, நாற்றங்கால், பதியம் என்ற சொற்கள் தமிழில் ஒலித்தன. இன்று அச்சரிவுகளில் உழைப்போரில் பெரும்பாலோர் அயல்நாட்டவர். அச்சொற்களை வாயில் வைத்திருப்போர் எழுபதைக் கடந்த நம் தாத்தா பாட்டிகளே. அவர்களுக்குப் பின் அவற்றை அகராதியில் தேட வேண்டியதுதான். செந்தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்கும் நாம், வேலிக்கு வெளியே நிற்கும் தமிழை உள்ளே அழைத்தோமா?

நான் கேட்பது பெரிய திட்டம் அன்று, மானியமும் வேண்டாம். மாதம் ஒருமுறை, ஒரு பாட வேளை, தோட்டத்தில் உழைத்த ஒரு மூத்தவரைப் பள்ளிக்கு அழையுங்கள். நாற்காலி போடுங்கள். மாணவர்கள் கேள்வி கேட்கட்டும்; அவர் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும்; ஆளுக்கொரு குச்சி நட்டு, அது செத்தால் ஏன் செத்தது என்றும் எழுதட்டும். ஆசிரியரும் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.

இங்கு நாம் வளர்க்கும் அத்தியின் விதை முளைக்காது. ஒருவர் கை ஒடித்துக் கொடுக்க, மற்றொருவர் கை வாங்கி நட்டால்தான் அதற்கு அடுத்த தலைமுறை உண்டு. பாட்டியின் அறிவும் அப்படிப்பட்டதே. கொடுக்க அவர் ஆயத்தமாக இருக்கிறார். வாங்கத்தான் நம் கை நீளவில்லை.

அந்தப் பாரத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. அடுத்த ஆண்டுப் பாரம் வரும்போது, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று என் பேனா எழுதாது. நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்?