காற்றாலையின் பகைவன்

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், காற்றுப் பலமாக வீசும் வேளையிலேயே தூற்ற முடியாமல் நிற்கும் நிலை ஒன்றும் உலகில் உண்டு. சுவீடன், பின்லாந்து, கனடா முதலிய நாடுகளில் மின்சாரம் பிறப்பிக்கும் காற்றாலைகள் குளிர்காலத்தில் இந்த இக்கட்டுக்கு உள்ளாகின்றன. அவற்றின் இறக்கைகளிற் படியும் பனிக்கட்டியே அதற்குக் காரணம்.

அத்தகைய இடங்களிற் காற்றாலைகளை நாட்டுவானேன் என்று மாணவர் கேட்கலாம். குளிர்ந்த வளி அடர்த்தி மிக்கது. பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலுள்ள வளி, பூச்சியத்துக்கு மேல் 20 பாகையிலுள்ள வளியைக் காட்டிலும் ஏறக்குறைய 15 வீதம் அடர்த்தியானது. ஆகவே, அதே வேகத்தில் வீசினும் கூடிய சக்தியைத் தரும். வீடுகளைச் சூடாக்க மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் காலமும் அதுவே.

குளிர் மிகுந்தால் பனிக்கட்டியும் மிகும் என்று எண்ணுதல் தவறு. கடுங்குளிரில் வளி வறண்டிருக்குமாயின் இறக்கையில் ஒன்றும் படியாது. இடர் விளைப்பது முகிலும் உறைமழையுமே. முகிலிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை குளிர்ந்தும் உறையாமல் நீராகவே மிதப்பதுண்டு. அவை ஏதேனும் ஒரு பொருளில் மோதியதும் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. குளிர் மிகுந்திருந்தால் துளிகள் மோதிய கணமே உறைந்து, காற்றுக் குமிழிகளை உள்ளடக்கிய வெண்ணிறக் கட்டியாகும். பூச்சியத்தை அண்டிய வெப்பநிலையில் மெல்லப் பரவி உறைந்து, கண்ணாடி போன்ற உறுதியான கட்டியாகும். இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் சுழல்வதால், அங்கேதான் துளிகள் அதிகமாக மோதும். பனியும் தடிப்பாகப் படியும்.

இதனால் விளையும் கேடு யாது? காற்றாலையின் இறக்கை, விமானத்தின் இறக்கையைப் போன்று வளைவும் வழுவழுப்பும் உடையதாய்ச் செய்யப்பட்டது. வளி அதன்மீது சீராக வழுக்கிச் செல்வதாலேயே அதனைச் சுழற்றும் விசை உண்டாகின்றது. முன்விளிம்பில் மெல்லிய சொரசொரப்பு ஏற்பட்டாலும் அவ்விசை குன்றும், தடை மிகும். மூன்று இறக்கைகளிலும் பனி ஒரே அளவாகப் படியாவிட்டால் சமநிலை கெட்டு, கோபுரம் முழுவதும் அதிரும். ஈற்றில் இயந்திரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இராது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சுழலும் இறக்கையிலிருந்து பெயரும் பனித்துண்டு கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போலப் பாயும். கோபுரத்தின் உயரத்தையும் சுழல்வட்டத்தின் விட்டத்தையும் கூட்டி, அதனை ஒன்றரையாற் பெருக்கினால் வருவதே விலகியிருக்க வேண்டிய தூரம் என்பது பொறியியலாளர் கையாளும் ஒரு விதி. உயரம் 100 மீற்றரும் விட்டம் 120 மீற்றருமாயின், 330 மீற்றருக்கு அப்பால் நிற்றல் வேண்டும்.

இப்பகைவனை வெல்லும் வழிகளும் கண்டறியப்பட்டுள்ளன. காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகள் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றை மாத்திரம் சூடாக்குவர். சூடாக்காத கருவி பின்தங்குமாயின் பனி படியத் தொடங்கிவிட்டது என்பது பொருள். உடனே இறக்கையின் அடியிலிருந்து அதன் உட்புறமாக வெப்பவளி செலுத்தப்படும். வேறு சில ஆலைகளில், முன்விளிம்பின் மேற்பரப்பின் கீழே பதிக்கப்பட்ட காபன் இழைப்படலத்தில் மின்னோட்டம் பாய்ச்சி வெப்பம் உண்டாக்குவர். இதற்கு மின்சாரம் செலவாகும். எனினும், பனி மிகுந்த இடங்களில் அதனால் மீட்கப்படுவது செலவினும் பெரிது.

முன்னேற்பாடு இன்றேல் என்ன நேரும் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் 2021 பெப்ரவரியிற் கண்டது. வெப்பம் மிகுந்த அம்மாநிலத்தின் காற்றாலைகள் பலவற்றுக்குக் குளிர்காப்பு இருக்கவில்லை. கடுங்குளிரும் உறைமழையும் வந்தபோது அவை உறைந்து நின்றன. 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிலையங்களும் மின்சாரம் இழந்தன. அக்குளிர்ப்புயலால் மாண்டோர் 246 பேர் என்பது மாநில அரசின் கணக்கு.

காற்றாலைகளே இத்துன்பத்துக்குக் காரணம் எனச் சிலர் பழி கூறினர். ஆனால், அதே ஆண்டு நவம்பரில் வெளியான மத்திய அரசின் விசாரணை அறிக்கை வேறு உண்மையைக் காட்டியது. ரெக்சாசிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பழுதுற்ற 1,045 மின்பிறப்பாக்கிகளுள் 58 வீதமானவை இயற்கை வாயுவால் இயங்குபவை. 27 வீதமானவையே காற்றாலைகள். வாயுக் கிணறுகளும் குழாய்களும் அளவுகருவிகளும் கூட உறைந்துபோயின. இதிற் பெரிதும் வருந்தத்தக்கது யாதெனில், 2011 பெப்ரவரியிலும் ரெக்சாஸ் இத்தகைய குளிரையும் மின்வெட்டையும் கண்டிருந்தது என்பதே. குளிர்காப்புச் செய்யுமாறு அப்போதே ஆலோசனை கூறப்பட்டது. ஆயினும் அது கட்டாயமாக்கப்படவில்லை. 246 உயிர்கள் போன பின்னரே, 2021இல், அதற்குச் சட்டம் பிறந்தது.

சுவீடனின் வடபகுதியில் ரெக்சாசைக் காட்டிலும் கடுமையான குளிரிற் காற்றாலைகள் ஆண்டுதோறும் சுழல்கின்றன. வேறுபாடு காற்றிலும் இல்லை, குளிரிலும் இல்லை. முன்னறிந்து காக்கும் மனிதரிடத்திலேயே உள்ளது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் இடருக்குச் செலவிடுவது வீண் என்று தோன்றும். அவ்விடர் வாயிலில் வந்து நிற்கும் நாளிற்றான் அச்செலவின் அருமை விளங்கும்.