பொனட்டில் எங்கே ஓட்டை போடுவது?

மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில், பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் ஏதாவதொரு கார் கண்ணில் படும். ஹசலக்க மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்த வாகனமாகத்தான் அது இருக்கும். ஏற்றம் தொடங்கியதும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று இன்ஜின் முக்குகிறது. வேகமோ சைக்கிள் வேகம். ரேடியேட்டருக்குக் காற்று கிடைப்பது அப்போது ஃபேனின் தயவில் மட்டும். ரேடியேட்டரைத் தாண்டிச் சூடான அந்தக் காற்றும் வெளியேற வழியின்றி இன்ஜினைச் சுற்றியே கிடக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே இழுத்துப் பறித்து ஓட்டினோம். கைவைத்தியங்கள் பெருகியதில் வியப்பில்லை. எங்கள் மடவளைப் பக்கத்தில் அதிகம் காண்பது இது: பொனட்டின் பின்பக்கப் பிணைச்சல்களுக்குக் கீழே சில வொஷர்களைப் போட்டு, கண்ணாடியோரத்தை ஒரு விரல் கனத்துக்கு உயர்த்திவிடுவது.

"பாஸ், இப்பிடித் தூக்கினா சூடு போகுமா?" என்று ஒரு பையன் கராஜில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"போகும் தம்பி, கார் நிக்கிற நேரம்."

"ஓடுற நேரம்?"

"அது சொல்ல ஏலா."

பாஸ் சொன்னதில் பொய்யில்லை. நிற்கும் காரில் சூடு தானே மேலெழுந்து அந்த இடுக்கு வழியே போகும். ஓடும் காரில் கதை வேறு. முன்கண்ணாடியில் மோதும் காற்று அதன் அடியில் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. வைப்பர்களுக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இருக்கிறதல்லவா? காருக்குள் வெளிக்காற்று வருவது அதன் வழியாகத்தான். அழுத்தம் கூடிய இடமென்றுதான் கம்பனிக்காரன் அதை அங்கே வைத்தான். அவ்விடத்தில் பொனட்டைத் தூக்கினால், வேகமாக ஓடும்போது காற்று வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே புகப் பார்க்கும். அது ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுக்கு எதிர்ப்பு. பொனட்டின் பின்னோரத்து ரப்பர் பீடிங்கையும் கழற்றிவிட்டால், ட்ராபிக்கில் நிற்கும்போது இன்ஜின் புகை அந்தச் சல்லடை வழியே காருக்குள் வரும். பின்சீற்றில் பிள்ளைகள் இருக்கும் காரில் இந்த வைத்தியத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அழுத்தம் குறைந்த இடம் பொனட்டின் முன்பகுதி, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னே. மிட்சுபிஷி லான்சர் எவலூஷனின் பொனட்டில் துவாரம் அங்கேதான் இருக்கிறது. அது சூடு வெளியேறும் வழி. சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸின் பொனட்டில் எழும்பி நிற்கும் வாய் வேறு வேலைக்கு. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலே படுத்திருக்கிறது. அந்த வாய் அதற்குத் தீனி போடுகிறது. டர்போவே இல்லாத காரில் அதே வடிவப் பிளாஸ்டிக்கை டபுள் டேப்பால் ஒட்டிக்கொண்டு கண்டி வாவியைச் சுற்றி வருகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அழகுக்கு வைத்திருக்கிறார்கள், இருக்கட்டும்.

வெட்டத்தான் வேண்டுமென்றால் முதலில் கம்பளி நூல் வாங்குங்கள். விரல் நீளத் துண்டுகளாக்கி, பொனட் முழுக்க வரிசையாக டேப்பால் ஒட்டி, திகன பக்கம் நேரான பாதையில் ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். முன்னால் உள்ள நூல்கள் பின்னோக்கி நேராகப் படுத்திருக்கும். கண்ணாடியை நெருங்க நெருங்க ஆடும், சுருளும், சிலது திரும்பியும் பார்க்கும். நேராகப் படுத்த இடத்தில், பின்னோக்கி வாய் திறந்த செவுள்களாக வெட்டலாம். பொனட்டின் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களை மட்டும் தொடக் கூடாது. மழை பெய்தால் தண்ணீர் நேரே அல்டர்னேட்டரில் விழாதபடி கீழே ஒரு தகடும் வேண்டும். ஒக்டோபர் மழை நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் கொதிக்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தகரம் வெட்டும் அவசியமே இல்லை. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்ததும் கழற்றி எறிந்திருப்பார்கள். பிறகு ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்காது. ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் பூச்சியும் அடைந்திருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்திருக்கும். கண்டியின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 98 பாகையில் கொதிக்கும், 0.9 என்று அச்சிட்ட நல்ல மூடி அழுத்தம் பிடித்தால் 115 பாகை தாண்டியும் கொதிக்காது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதும் நம் ஊர்ப் பழக்கம். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதே அதுதான். அதைக் கழற்றினால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும்.

அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் பொனட்டை விட்டுவிட்டுப் பின்சீற்றின் பக்கம் பாருங்கள். ஹைபிரிட் பெட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் அங்கே இருக்கிறது. முதலில் அதில் படிந்த தூசைத் துப்புரவாக்குங்கள்.