சாவி எவர் கையில்?

திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டு நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, அங்கத்தினரின் கணக்கைப் பிழையின்றிக் காப்பதே சங்கத்தின் நாணயம் என்று கொண்டிருக்கிறோம். கணக்கைக் காக்கட்டும், கணக்கைத் திறக்கும் சாவியையும் சங்கமே வைத்திருப்பது தகுமா?

அண்மையில் அடையாறு பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் கண்டது இது. அங்கத்தினர்களின் செல்பேசி எண், வங்கிக் கணக்கு, பணம் அனுப்பும் ரகசிய எண், கடவுச்சொல் யாவும் ஒரே நோட்டில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "தம்பி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நெசவாளர்களே சொல்லிச் சென்றவை. குமாஸ்தா உத்தமர், ஐயமில்லை. ஆனால் நோட்டு மேஜைமீது கிடக்கிறது. வருவோர் எவரும் ஒரு நொடியில் படமெடுத்துவிடலாம். பணம் போனால் பழி யார்மீது விழும்? அந்த உத்தமர்மீதுதான். இவ்வழக்கம் அவருக்கே இழைக்கும் அநீதி.

எழுத்தறியாத முதியவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அருகிருந்து கற்றுக்கொடுக்கலாம், எண்ணை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதற்குமேல் உதவி வேண்டுமெனில் அது அவர் வீட்டாரின் கடமை.

கடவுச்சொல்லை அமைப்பதிலும் நாம் சோம்பேறிகள். மயிலாப்பூர்க்காரர் 'கபாலி123' என்பார். தியாகராய நகர்க்காரர் மகள் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பார். ஊரார் அறிந்தது ரகசியமாகுமா? நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வகைகளே உண்டு. ஆறு இலக்கமானால் 10 லட்சம். ஆங்கில எழுத்தாயின், குருட்டாம்போக்கில் அமையும் ஒவ்வோர் எழுத்தும் வகைகளை 26 மடங்காக்கும். ஆகவே நீளமே பலம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்துக்கொள்க. ஒன்றையே எல்லா இடத்துக்கும் வைக்காதீர். அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமே 2017-இல் கைவிட்டது. கசிந்ததென்று தெரிந்தால் மட்டும் உடனே மாற்றுக.

சேலை விற்ற பணம் வர ரகசிய எண் தேவையில்லை. பணம் போகத்தான் தேவை. இந்த ஒன்றை அறியாமல் ஏமாந்தோர் பலர். ஏமாந்தவர் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஆதார் நகல் கேட்கும் இடமெல்லாம் முழு எண்ணைக் கொடுப்பதும் வேண்டாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்புப் பிரதியை ஆதார் ஆணையமே தருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். அது நெசவாளர்க்கும் உழவர்க்கும் உரியதே.

இத்தகைய நோட்டு வைத்திருக்கும் சங்கங்கள், முதலில் அங்கத்தினரைக் கொண்டே எண்களை மாற்றச் செய்து, அடுத்த பொதுக்குழுவில் அனைவர் முன்னிலையிலும் அதைக் கொளுத்திவிடுதல் நலம்.